டாங்கிக்குள் அடித்த வெள்ளை

என் தங்கத் தம்பி நாயகத்துக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ பட்டாளத்தில் இருந்த நாலு வருஷமும் உனக்கு எழுதி எழுதியே பழகின கை இது. காகிதத்தை எடுத்தால் உன் பேர்தான் முதலில் வருகிறது, நான் என்ன செய்ய?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் வந்தால் நிழல் ஆடுகிறது, முகம் தெரியவில்லை என்கிறாள். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. உன் அத்தான் இன்னும் கோயில் உக்கிராணத்தில் அரிசியும் பருப்பும் அளந்து போட்டுக்கொண்டிருக்கிறார். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. குருவிகுளம் பக்கத்தில் பருத்தி முளைத்ததோடு சரி.

போன வாரம் நீ மரத்தில் செய்த டாங்கி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோயில் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஓரத்தில் கிடந்த சாமான்களை ஒதுக்கியபோது அத்தானைக் கூப்பிட்டு, "இது உங்க வீட்டு நேர்ச்சைதான? இங்கன கெடந்தா சுண்ணாம்பு பட்டு வீணாப் போவும். கொண்டு போயி பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று கொடுத்தார்களாம். நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார்கள். அத்தான் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நீ ரயிலை விட்டு இறங்கி வந்த கோலம் நினைவிருக்கிறதா? மலேரியாவுக்காகப் பட்டாளத்தில் கொடுத்த மாத்திரையைத் தின்று தின்று தோலெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. "மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்சே அனுப்பிட்டானாலே வெள்ளைக்காரன்?" என்று கேலி பேசினேன். நீயும் சிரித்தாய். பிள்ளை முழுசாக வந்துவிட்டான் என்று அம்மா உனக்குத் திருஷ்டி கழித்தாள்.

முழுசாக வரவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. காய்ச்சல் வந்து வந்து போயிற்று. அதற்கு ஆஸ்பத்திரியில் கொயினா கொடுத்தார்கள். காய்ச்சல் இல்லாத நாளிலும் கை நடுங்கியதே, அதற்கு யாரிடம் போய் மருந்து கேட்பது? ஒரு நாள் அடுப்பில் பால் அடிப்பிடித்துப் புகைந்தது. நீ பாதிச் சோற்றில் இலையை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடினாய். ரத வீதி முனையில் வந்து உன்னைப் பிடித்தேன். எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தாய். ஏன் ஓடினாய் என்று உனக்கே சொல்லத் தெரியவில்லை.

அம்மா அன்றைக்கு உன்னை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எதக் கண்டுலே பயந்தே?"

நீ ரொம்ப யோசித்துவிட்டு, "டாங்கி" என்றாய்.

அம்மாவுக்கு அது போதும். நம் ஊரில்தான் அதற்கு வழி இருக்கிறதே. பாம்பைக் கண்டு பயந்தவர்கள் வெள்ளித் தகட்டில் பாம்பு வாங்கிக் கோயில் உண்டியலில் போடுகிறார்கள். தேளுக்குப் பயந்தால் தேள். உருவத்தை அம்மன் வாங்கிக்கொண்டால் பயமும் அதோடு போய்விடும். பாம்புக்குப் பாம்பு என்றால் டாங்கிக்கு டாங்கி. வருகிற ஆடித்தபசுக்கு ஒரு டாங்கி வைப்பதாக மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். உலகத்தில் வேறெந்தத் தாய்க்கும் இப்படித் தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நாம் மூன்று பேருமாகத் தகடு அடிக்கிற பத்தரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாம்பு இருக்கு, தேளு இருக்கு, கண்ணு, கை, காலு எல்லாத்துக்கும் அச்சு இருக்கு. டாங்கிக்கு நான் எங்க போக? அதுக்குத் தலை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். பின்னாலிருந்து நீ சொன்னாய்: "நானே செஞ்சு தாரேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்றைக்கே போய் விளக்கு ஏற்றினேன். வந்ததிலிருந்து நீ எதையும் நானே செய்கிறேன் என்று சொன்னதில்லை.

மாட்டுக் கொட்டிலின் பழைய வேப்பங்கதவை அறுத்தாய். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. பத்தொன்பது அடி வண்டி பத்தொன்பது அங்குலம் ஆயிற்று. நூல் சுற்றும் பழைய கட்டைகளைத் தறிக்காரர் வீட்டில் வாங்கி வில்லை வில்லையாக அறுத்துச் சக்கரம் செய்தாய். செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வார் வாங்கி அதைச் சுற்றிப் பட்டை போட்டாய். என் குடையின் காம்பு பீரங்கி ஆயிற்று. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை, தெரிந்துகொள்.

மேலே சுற்றுகிற தலைக்குத்தான் பெரும்பாடு. அது உருண்டையாக இருக்க வேண்டும், மரத்தில் வராது என்றாய். சந்தைக்குப் போய் நூலை வைத்துத் தேங்காய் தேங்காயாக இடுப்பு அளந்தாயே, வியாபாரி என்னைப் பார்த்து, "தம்பிக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாரே! நாலு தேங்காய் உடைத்து, ஐந்தாவது சிரட்டைதான் அளவுக்குச் சரியாக வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் தேங்காய்த் துவையல். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். நீயும் சாப்பிட்டாய். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வெளிப்பூச்சுக்குப் பச்சை கலக்கியது நான். ஜன்னலுக்கு அடிக்கிற பச்சையில் விளக்குக் கரியும் கொஞ்சம் மஞ்சளும் போட்டுக் கலக்கிக் கலக்கிக் காட்டுவேன். நீ ஒரு குச்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இல்லக்கா" என்பாய். எட்டுத் தடவை சொன்னாய். ஒன்பதாவது தடவை பேசாமல் வாங்கிக்கொண்டாய். சரியாக வந்ததா, அல்லது அக்கா பாவம் என்று விட்டுவிட்டாயா?

உன் நெற்றியில் பூசுவதற்கு அம்மா கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஒரு நாள் கிண்ணம் காலி. பார்த்தால், அதைப் பசையில் குழைத்து டாங்கியின் பட்டையிலும் சக்கரத்திலும் அப்பியிருக்கிறாய். "சாமி மண்ணக் கொண்டுபோயிச் சக்கரத்துல பூசியிருக்கானே பாவிப்பய!" என்று அம்மா கத்தினாள். சண்டை நடந்த அந்தக் குளிர் தேசத்துச் சகதி இந்த நிறம்தான் என்று நீ சொன்னாய். அம்மா கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்துவிட்டு, "அதுவும் நல்லதுதான். அம்மனே அது காலப் பிடிச்சுக்கிட்டா, இனி எங்க ஓடும்?" என்று சமாதானம் ஆகிவிட்டாள்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வெளிவேலை முடிந்ததும் நீ உள்ளே ஆரம்பித்தாய்.

சிரட்டையைத் தூக்கினால் உள்ளே கூடு. அதற்குள் ஐந்து குட்டி இருக்கை செதுக்கி வைத்தாய். பிறகு சுற்றிலும் வெள்ளை அடித்தாய். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மறுநாள் இன்னொன்று.

"மூடிட்டா யாரு பாக்கப் போறா? எதுக்குலே இத்தனை பூச்சு?" என்று கேட்டேன்.

"நெசமான வண்டிக்கும் உள்ள வெள்ளைதான்க்கா. உள்ள இருக்கவனுக்கு வெளிச்சம் வேணும்லா?"

பலகையில் ஒரு கணு இருந்தது. எத்தனை வெள்ளை அடித்தாலும் மறுநாள் அந்த இடத்தில் பழுப்பாக ஊறிக்கொண்டு வந்தது. வேம்பின் குணம் அது, வேறு பலகை போடு என்று சொன்னேன். நீ கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அதன்மேலேயே அடித்தாய். ஆறாம் பூச்சோ ஏழாம் பூச்சோ, ஒரு மத்தியானம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நீயாகவே பேசினாய். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அங்கனயும் இப்படித்தான்க்கா. அடிபட்ட வண்டிய எங்க பட்டறைக்கு இழுத்துட்டு வருவாவ. உள்ள இருந்தவங்கள எடுத்தது போக மிச்சம் இருக்கும்லா, அதக் கழுவணும். நான் ஒல்லி. அதனால என்னத்தான் மொதல்ல உள்ள எறக்குவாவ. கழுவி முடிச்சு வெள்ளை அடிப்பேன். ரெண்டு நாள்ல இதே மாதிரி ஊறி வெளிய தெரியும். மறுபடி அடிப்பேன். புதுசா வாரவனுக்குத் தெரியக் கூடாதுன்னு உத்தரவு. அஞ்சு பேரு சிரிச்சுப் பேசிக்கிட்டே ஏறுவான்க்கா. நான் பக்கத்துல வாளியோட நிப்பேன். ஒண்ணும் சொல்ல முடியாது."

நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். நான் சொன்னதையும் எழுதுகிறேன்.

பட்டறையில் வேலை என்றுதான் நீ எப்போதும் கடிதம் எழுதினாய். அம்மா அதை டாங்கி ஓட்டுகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், நானும் திருத்தவில்லை. நம் வீடு எப்படிப்பட்டது? எழவு வீட்டு வாசலை மிதித்துவிட்டு வந்தாலே தலை முழுகாமல் உள்ளே விடாத வீடு. அத்தான் கோயில் உக்கிராணத்தில் சாமிக்குப் படைக்கிற அரிசியைத் தொடுகிறவர். மேலநீலிதநல்லூரில் உனக்குப் பெண் பேசி, பார்க்க வருவதாக ஆள் அனுப்பியிருந்தார்கள். நீ சொல்லச் சொல்ல எனக்கு இதெல்லாம்தான் ஓடியது. உன்னைப் பற்றி ஒன்றும் ஓடவில்லை.

"இத யார்ட்டயும் சொல்லிராதலே. அம்மாட்ட மூச்சு விடாத" என்றேன்.

"சரிக்கா" என்றாய். உடனே தூரிகையை எடுத்துக்கொண்டாய். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அதன் பிறகு எனக்கு அந்தச் சிரட்டைதான் பயம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே ஏன் வெள்ளை என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நீ வாயைத் திறப்பாய், நான் குறுக்கே விழுந்து காப்பி வேணுமா என்று கேட்பேன். பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். நான் வஜ்ரப் பசையைக் காய்ச்சி, சிரட்டையைச் சுற்றிலும் தடவி, அழுத்தி ஒட்டிவிட்டேன். ஒட்டின தடம் தெரியாமல் அதன்மேல் பச்சையும் அடித்தேன். உன்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலைதான், சுத்தமாக வந்தது.

நீ வந்தாய். சிரட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய்.

"திரும்ப மாட்டேங்குதேக்கா."

"கோயிலுக்குக் குடுக்க சாமான் முழுசா இருக்கணும்லா? அதான் ஒட்டிட்டேன்."

"உள்ள இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருந்துச்சே" என்றாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். "சரி, விடு" என்று கை கழுவப் போய்விட்டாய்.

திட்டியிருக்கலாமே நாயகம்? சின்ன வயசில் உன் பம்பரத்தை ஒளித்து வைத்ததற்கு என் பின்னலைப் பிடித்து இழுத்தவன்தானே நீ?

பெண் வீட்டார் வந்தார்கள், டாங்கியைப் பார்த்து மெச்சினார்கள், ஜாதகம் சரியில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். ஆடித்தபசும் வந்தது. உண்டியலுக்குள் போகிற அளவா அது? கோயிலில் பெரிய மனசு பண்ணி மண்டபத்து ஓரத்தில் வைக்க இடம் கொடுத்தார்கள். கூட்டத்தில் வந்த பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். ஒரு அம்மாள் எந்தச் சாமிக்கு வாகனம் என்று விசாரித்தாள். "எம் மகன் ஓட்டுன வண்டி!" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நீ தூணை ஒட்டி நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கூட்டத்தில் யாராவது பார்ப்பார்கள் என்று பிடிக்கவில்லை.

அதற்கு மேல் நீ பேசுவது குறைந்துவிட்டது. கை நடுக்கமும் நின்றுவிட்டது. நேர்ச்சை பலித்தது என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை தலைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அவரால் ஆனதைச் செய்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்து, "யக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். "பேசாமப் படு. ஒடம்பு தேறட்டும், பெறவு பேசலாம்" என்றேன். ஐந்தாம் நாள் போய்விட்டாய். என்ன சொல்ல இருந்தாய்? எட்டு வருஷமாக எனக்குள் இதே கேள்விதான். காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோயிற்று என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே எல்லாரிடமும் சொல்கிறேன். ஒருவேளை நீ அந்தக் கடைசிப் பூச்சை அடித்து முடித்திருந்தால்? வருகிறவர்கள் எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்? யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

டாங்கியை அம்மாவுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மன் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று நினைத்து அழுவாளே என்று பயம். கண் தெரியாவிட்டால் என்ன, காது எலிக்காது. "என்னட்டி அது, மரச்சாமான் சத்தம் கேக்கு?" என்றாள். வேறு வழியில்லாமல் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

தடவிப் பார்த்தாள். சக்கரத்தை எண்ணினாள். பீரங்கியைத் தொட்டு, "ஓங் குடைக்காம்பு" என்று சிரித்தாள். எட்டு மழைக்காலத்து ஈரத்தில் வஜ்ரம் இற்றுப்போயிருந்தது போலிருக்கிறது; சிரட்டை அவள் கையோடு வந்துவிட்டது. விரலை உள்ளே விட்டாள். எனக்கு உள்ளே தெரிந்தது. வெள்ளை அப்படியே இருக்கிறது நாயகம். கணு இருந்த இடத்தில் மட்டும் எட்டணாக் காசு அகலத்துக்குப் பழுப்பு.

"இது என்னட்டி, குட்டி மணைப்பலகை மாதிரி?"

"ஆளுக உக்காருத எடம்மா."

"எத்தன பேரு?"

"அஞ்சு பேரு."

அம்மா ஒவ்வொன்றாகத் தடவினாள். "இதுல எம் பிள்ளை எதுல உக்காந்தான்?"

ஓட்டுகிறவன் உட்காரும் முன்பக்கத்து இருக்கையில் அவள் விரலைப் பிடித்து வைத்துவிட்டால் தீர்ந்தது. பிடித்தும்விட்டேன். ஆனால் என்னால் வைக்க முடியவில்லை. அவன் இதில் எதிலும் உட்காரவில்லையம்மா என்று ஆரம்பித்து, வாளி, தண்ணீர், வெள்ளை, ஏறிப்போன ஐந்து ஐந்து பேர், நான் உன் வாயை அடைத்தது, சிரட்டையை ஒட்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தீட்டு என்று கத்துவாள், கோயிலை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள், இத்தனை வருஷம் மறைத்துவிட்டாயே என்று என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஒவ்வொரு தடவையும் கழுவி முடிச்ச பெறவு, குளிக்க வெந்நி குடுத்தாவளாட்டி எம் பிள்ளைக்கு?"

எனக்குத் தெரியவில்லை நாயகம். நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு அந்தக் கீரையைக் கீழே வைத்துவிட்டு இந்த ஒரு வார்த்தையை நான் உன்னிடம் கேட்டிருக்கலாம்.

அம்மா விடமாட்டேன் என்கிறாள். மறுநாள் காலையில் கேட்டாள், இன்றைக்கும் கேட்டாள். குளிர்ப் பிரதேசமாச்சே, காய்ச்சல்காரப் பிள்ளையாச்சே என்கிறாள். கொடுத்திருப்பார்கள் அம்மா என்கிறேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்காமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன், "அனுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் தம்பி டாங்கி ஓட்டவில்லை. செத்தவர்கள் இருந்த வண்டியைக் கழுவினான், வெள்ளை அடித்தான். இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உன்னோடு அந்தப் பட்டறையில் இருந்த யார் கண்ணிலாவது இது பட்டால், அந்த வெந்நீர் சங்கதியை மட்டும் ஒரு வரி எழுதிப் போடட்டும். எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஐப்பசியில் உன் திதி வருகிறது. இலை போடுவதற்கு முன்னால் கொல்லையில் அண்டா நிறைய வெந்நீர் போட்டு, பக்கத்தில் துவைத்த துண்டு வைக்கச் சொல்லி அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வைக்கிறேன். ஆறினால் மறுபடி சுட வைக்கிறேன். நிதானமாகக் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்.

உன் கூடப் பிறந்தவள்,
ஆவுடை அக்கா
சங்கரன்கோவில்